முனீஸ்வரி மாற்றாத சீட்டு உறை

பரவையில் எங்கள் தெருவில் முனீஸ்வரியைப் பற்றிக் கேட்டால், போன மாசி வரைக்கும் எல்லா வாயிலும் ஒரே பேச்சுதான். "நல்ல பிள்ளதான், ஆனா அவ ஒடம்புல ஏதோ இருக்கு." அந்த 'ஏதோ'வைக் கட்டிவிட்டவள் யார், அதற்கு முனீஸ்வரி என்ன செய்தாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். நான் எதிர்வீட்டுக்காரி. அவள் பட்டதையெல்லாம் என் வாசலிலிருந்தே பார்த்தேன்.

உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண் அவள். புருஷன் தங்கப்பாண்டி எங்கள் மார்க்கெட்டில் காய்கறி கமிஷன் கடை வைத்திருக்கிறான். கல்யாணத்துக்கு முன்பே ஒரு பழைய கார் வாங்கி, சீட்டுக்கெல்லாம் சிவப்பு வெல்வெட் உறை மாட்டி, ஏசியைப் போட்டுக்கொண்டு சுற்றுவான். பெண்ணை அழைத்து வந்ததும் அதில்தான். நல்ல பங்குனி வெயில். பழத்தட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி இறங்கி நின்றவளுக்கு, அவனுடைய அக்கா ஒச்சாயி ஆரத்தி எடுத்தாள். எடுத்துவிட்டு, ஆரத்தியைத் தொட்டு நெற்றியில் வைத்தாள் பாருங்கள், 'சடக்'கென்று ஒரு சத்தம்.

"ஆத்தாடி! கரண்டு மாதிரி அடிக்கிறாளே!" என்று ஒச்சாயி தட்டைக் கீழே போட்டுவிட்டாள். வாசலெல்லாம் சிவப்புத் தண்ணீர். வந்த சனம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. புதுப்பெண்ணுக்கு நெற்றி சுள்ளென்று எரிந்ததை யார் கேட்டார்கள்?

ஒச்சாயி அடுத்த தெருவில்தான் இருக்கிறாள். தம்பி வீட்டுச் சாவி அவள் இடுப்பில். தன் கொழுந்தன் மகளைத் தம்பிக்குக் கட்டிவைக்க நினைத்து, அது நடக்காமல் போன ஆத்திரம் அவளுக்கு. இப்படி ஒன்று கையில் கிடைத்தால் விடுவாளா? "பேய் புடிச்சிருக்கு" என்று சொல்லிக் குறி கேட்கக் கோடாங்கியிடம் போனாள், கயிறு வாங்கி வந்து முனீஸ்வரி கையில் கட்டினாள். சாமி கும்பிடப் போகும்போதும் விசேஷ வீடுகளுக்குப் போகும்போதும் காரை விட்டு இறங்கினால் மூன்று நான்கு பேரில் ஒருவருக்காவது முனீஸ்வரி கை பட்டு அடித்துவிடும். அடிக்காமல் என்ன செய்யும்? பூக்கூடை, தேங்காய்ப் பை, தாம்பாளம் எல்லாவற்றையும் அவள் கையில்தானே ஒச்சாயி திணிப்பாள். மழை பெய்கிற ஐப்பசியில் அடிக்காது. அது கயிற்றின் மகிமையாம். மாசியில் திரும்ப அடித்தால் இவள் தீட்டோடு கயிற்றைத் தொட்டுவிட்டாளாம். எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பாள் மகராசி.

இதையெல்லாம்கூட முனீஸ்வரி பொறுத்துக்கொண்டாள். பிள்ளை விஷயம்தான் அவளைத் தின்றது. மகள் பவதாரிணி நடக்கப் பழகியிருந்த நேரம். கை நிறையச் சாமானோடு காரிலிருந்து இறங்கியவளைப் பார்த்து "அம்மா" என்று ஓடி வந்து கட்டிக்கொண்டது. பிள்ளை கன்னத்தில் சுள்ளென்று கரண்டு அடித்துவிட்டது. வீறிட்டு அழுத பிள்ளையை ஒச்சாயி பறித்துக்கொண்டாள். "இனிமே வெளிய தெருவுல போகயில பிள்ளைய நீ தூக்காத. நான் தூக்கிக்கிறேன்." அன்றைக்குப் போட்ட சட்டம். கோயிலா, கல்யாணமா, காது குத்தா, எங்கே போனாலும் பிள்ளை அத்தை இடுப்பில். பெற்றவள் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு நடப்பாள். நாளாக நாளாகப் பிள்ளையே, கார் நின்றதும் அம்மாவைப் பார்த்துக் கண்ணை இறுக்கி மூடிக்கொள்ள ஆரம்பித்தது.

அதைப் பார்த்த அன்றைக்கு என் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். "யக்கா, எம்பிள்ள என்னயப் பாத்துப் பயப்படுது யக்கா." நான் என்ன சொல்ல? என் வாயில் வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

அப்புறம் ஒரு நாள் மார்க்கெட்டிலிருந்து வெறுங்கையோடு காரில் வந்து இறங்கினாள். கதவைச் சாத்தப் போனவளின் விரலில் சுள்ளென்று அடித்தது. பக்கத்தில் ஒரு ஆள் இல்லை. கதவும் அவளும்தான். அப்படியே நின்று கதவைப் பார்த்தாளாம். மறுநாள் காலையில் என்னைக் கூட்டிக்கொண்டு ஆரப்பாளையம் போனாள். அங்கே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் விருமாண்டி என்று ஒருவர் கார் சீட்டு உறை தைத்து விற்கிறார்.

"இதுக்கா இம்புட்டு யோசனை?" என்று சிரித்தார் அவர். "வெல்வெட்டுல நைலான் சேல ஒரசுதுல்ல, கரண்டு ஏறிக்கிரும். ஏசி ஓடுனா இன்னும் கூட. ரப்பர் செருப்பு வேற, தரைக்கு எறங்க விடாது. எதத் தொடுறீகளோ அங்க அடிக்கும். உக்காந்திருக்கும்போதே கதவோரத் தகரத்தப் புடிச்சுக்கங்க. ரெண்டு காலும் தரையில ஊனி நிக்கிற வரைக்கும் விடாதீக. கரண்டு அது வழியா போயிரும், ஒண்ணும் தெரியாது. கையில சாமான் இருந்தா மொதல்ல சீட்டுல வச்சிட்டு எறங்குங்க. இல்ல, பருத்தி உறை மாத்திருங்க, தொந்தரவே விட்டுச்சு. தச்சுத் தரவாம்மா?"

தங்கப்பாண்டிக்கு ஏன் அடிப்பதில்லை என்று அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. தொப்பையைத் தூக்கிக்கொண்டு இறங்க, அவன் எப்போதும் மேல் தகரத்தைப் பிடித்துத் தொங்குவான்.

"வேணாம்ண்ணே," என்றாள் முனீஸ்வரி. "இந்த உறையே இருக்கட்டும். மாத்திட்டா, கார்தான்னு எதக் காட்டிச் சொல்றது?"

அன்றிலிருந்து அவள் தகரத்தைப் பிடித்தே இறங்கினாள். ஒருத்தருக்கும் அடிக்கவில்லை. புருஷனிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். "கார்ல என்னடி இருக்கு, அக்கா குடுத்த கயிறு வேல செய்யிது," என்றான் அந்தப் புத்திசாலி. சரி, கயிறே ஆகட்டும், பிள்ளையையாவது தூக்கலாமா என்று கேட்டால், ஒச்சாயி குதித்தாள். "உள்ளுக்குள்ள அடங்கியிருக்கு. பிள்ளயத் தொட்டா முழிச்சுக்கிரும்." தங்கப்பாண்டி தலையை ஆட்டினான்.

அன்றைக்குத்தான் முனீஸ்வரிக்கு வெறி வந்தது. "கரண்டு போனாலும் இவ விட மாட்டா யக்கா," என்றாள். "இவ வாயாலயே சொல்ல வைக்கிறேன். ஊரு முன்னாடி சொல்ல வைக்கிறேன். இல்லன்னா நான் எங்காத்தாளுக்குப் பெறக்கல."

ஒச்சாயி மகள் திவ்யாவுக்குத் திருவாதவூரில் மாப்பிள்ளை அமைந்தது. பேசி முடிக்கப் போன மாசியில் கிளம்பினோம். திவ்யா வீட்டில் இருந்தாள். சொந்தபந்தமும் தெருச் சனமும் வேனில், நானும் அதில். ஒச்சாயி தம்பியின் காரில்தான் போய் இறங்குவேன் என்று நின்றாள். பளபளவென்று புது நைலான் சேலை வேறு.

முனீஸ்வரி அன்றைக்குக் காட்டிய மரியாதையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! "மதினி, நீங்க நடுவுல தாராளமா உக்காருங்க. என்னங்க, ஏசியக் கூட்டி வைங்க, பூ வாடிரும். பிள்ள அப்பா கூட முன்னாடி இருக்கட்டும், மதினி சேல கசங்கிரும்." மாப்பிள்ளை வீட்டு வாசலில் கார் நின்றதும் முதலில் இவள் இறங்கினாள், தகரத்தைப் பிடித்தபடி. பிறகு பெரிய தாம்பாளத்தை எடுத்து ஒச்சாயி மடியில் வைத்தாள். "பொண்ணப் பெத்தவுக நீங்க. ஒங்க கையாலதான் கொண்டு போகணும் மதினி."

ஒச்சாயிக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டு கையாலும் தட்டை ஏந்தி, வெல்வெட்டில் நடுவிலிருந்து கதவோரம் வரைக்கும் நகர்ந்து நகர்ந்து இறங்கினாள். மாப்பிள்ளையின் அம்மா மலையம்மாள் சந்தனக் கிண்ணத்தோடு எதிரே வந்து, "வாங்க சம்பந்தி," என்று விரலை நெற்றிக்குக் கொண்டுபோனாள்.

'சடக்.' வேனருகே நின்ற எனக்கே கேட்டது.

மலையம்மாள் கையை உதறிக்கொண்டு பின்வாங்கினாள். "என்னம்மா இது! ஒடம்புல என்னத்த வச்சிருக்கீக?"

"ஒண்ணுமில்ல சம்பந்தி, கார்தான்!" ஒச்சாயிக்கு முகம் வெளிறிவிட்டது. "அந்த சீட்டுல உக்காந்து எறங்குனா அப்படித்தான் அடிக்கும்!"

மலையம்மாள் முனீஸ்வரியைத் திரும்பிப் பார்த்தாள். "நீயும் அதுலதான வந்த? கையக் குடு."

முனீஸ்வரி கையை நீட்டினாள். மலையம்மாள் முதலில் விரல் நுனியால் தொட்டாள், பிறகு முழுக்கையையும் பிடித்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை.

"இவளையும் அடிக்கும்!" ஒச்சாயி கத்தினாள். "கல்யாணத்தன்னைக்கே அடிச்சுச்சு! இவ ஒடம்புல ஒண்ணும் கெடையாது, எல்லாம் அந்தக் காருதான்! கதவத் தொடும்போது என்னயவே எத்தன தடவ அடிச்சிருக்கு, எனக்குத் தெரியாதா?"

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. வேனிலிருந்து இறங்கிய எங்கள் தெரு சனம் அத்தனையும் அங்கேதான் நின்றது. பிள்ளையைத் தோளில் வைத்திருந்த தங்கப்பாண்டி அக்காவையே பார்த்தான். "எப்பருந்துக்கா ஒனக்குத் தெரியும்?" என்றான். ஒச்சாயி தாம்பாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் இன்னொரு தடவை கேட்டான்.

முனீஸ்வரி போய் அவன் தோளிலிருந்து பிள்ளையை எடுத்தாள். யாரையும் கேட்கவில்லை. பவதாரிணி கண்ணை இறுக்கி மூடி, கன்னத்தைத் தோளுக்குள் புதைத்து, அடிக்குக் காத்திருந்தது. முனீஸ்வரி அந்தக் கன்னத்தில் தன் கன்னத்தை வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து அது ஒரு கண்ணைத் திறந்தது. நான் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

உள்ளே பேச்சு நல்லபடியாகவே நடந்தது. திவ்யா மேல் யாருக்கும் குறையில்லை, கல்யாணத்துக்கு நாளும் குறித்தார்கள். ஆனால் மலையம்மாள் ஒன்றைக் கறாராகச் சொல்லிவிட்டாள். மணமேடையில் பெண்ணுக்குப் பக்கத்தில் ஒச்சாயி நிற்கக் கூடாது, எந்தச் சாமானையும் தொடக் கூடாது, தாய்க்குள்ள சடங்கை மாமன் பெண்டாட்டி முனீஸ்வரி செய்யட்டும்.

ஒச்சாயி முனீஸ்வரியைக் கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு வந்தாள். நான் அங்கே கை கழுவிக்கொண்டிருந்தேன். "எம்மக கல்யாணம்டி. நான் தள்ளி நிக்கணுமாடி? நீ ஒரு வார்த்த சொல்லுடி, கார்தான்னு சொல்லுடி. ஒன் காலப் புடிக்கிறேன்." கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

முனீஸ்வரி பிள்ளையை இடுப்பில் ஏற்றி வைத்துக்கொண்டாள்.

"சொல்லலாம் மதினி. ஆனா பேய் புடிச்சவ பேச்ச யாரு நம்புவா?"

சொல்லிவிட்டுப் பிள்ளைக்குச் சோறூட்ட உள்ளே போய்விட்டாள்.