குரல் மட்டும் போதும்

தையல் ரீச்சரை நினைத்தால் எனக்கு முதலில் தெரிவது அவருடைய முதுகுதான். நீலத் திரைச்சீலையின் பின்புறம், முக்காலியில் குனிந்திருந்து, வெறும் துணியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நான் அரிக்கன் லாம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். துணிக்கு அந்தப் பக்கம் ஊரே சிரித்துக்கொண்டிருந்தது. அறுபதுகளின் தொடக்கத்தில், முல்லைத்தீவுக் கடலோரப் பள்ளிக்கூடமொன்றில் கிறிஸ்து பிறப்புக்காக நடந்த நத்தார் நாடகம் அது. அதை எழுதியவர் அவர், பழக்கியவர் அவர். மேடையேற மட்டும் அவருக்கு அனுமதியில்லை. இதை எழுதும்போது இன்னும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

நான் அப்போது கீழ்வகுப்புக்குப் புதிதாக வந்த ஆசிரியை. அவர் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஒரே வாடகை அறையில் இருந்தோம். பின்னேரங்களில் நூல்கட்டை வாங்கும் சாட்டில் கடைத்தெருவுக்குப் போவார். அங்கே முஸ்லிம் முதலாளி ஒருவரின் கடையில் வானொலி இருந்தது. அதில் நாடகம் முடியும்வரை நின்று கேட்பார். திரும்பும் வழியெல்லாம் கேட்டவர்களைப் போலவே பேசிக்காட்டிக்கொண்டு வருவார். செய்தி வாசிப்பவர், தைலம் விற்பவர், மூக்கால் பாடும் பாகவதர் எல்லாரும் அந்த ஒரு தொண்டையில் இருந்தார்கள்.

அவர் எழுதிய நாடகம் பழைய காலத்து வானொலி நிலையமொன்றில் நடக்கிறது. நத்தாருக்கு முதல்நாள் பாலன் பிறப்பு நாடகம் ஒலிபரப்பாக வேண்டும். நடிகர்கள் வரும் ரயிலோ, மாங்குளத்துக்கு அப்பால் தண்டவாளத்தில் படுத்துக்கிடக்கும் யானை எழும்பும்வரை நகராது. நிலையத்தில் இருப்பவர்கள் அறிவிப்பாளர் அம்மாவும், சத்தங்கள் எழுப்பும் கிழவரும்தான். அம்மாவே ஏரோது அரசனாக உறுமி, ஆட்டுக்குட்டியாகக் கத்தி, நடுவில் பல்வலித் தைலத்துக்கு விளம்பரமும் சொல்ல வேண்டும். கிழவர் தேங்காய்ச் சிரட்டைகளைத் தட்டினால் கழுதை நடக்கும். அவர் தூங்கி விழித்துத் தைல விளம்பரத்துக்கும் கழுதையை நடக்க விடுவார். ஒத்திகையில் ரீச்சரே அம்மாவாக நடிக்க, நாங்கள் சிரித்துச் சிரித்துத் தவித்தோம். சிரிப்பில்லாத இடம் ஒன்றே ஒன்று. தங்க இடம் கிடைக்காத மரியாளாகப் பேசும்போது, அறிவிப்பாளர் அம்மா தன்னை மறந்து அழுதுவிடுவார்.

ஒரு நாள் பள்ளிக்கூட மனேச்சர் ஒத்திகை பார்க்க வந்தார். அவரும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுத்தான் சொன்னார்:

“நாடகம் நல்லாயிருக்கு. ஆனால் ஒரு ரீச்சர் மேடையிலை நிண்டு கூத்தாடுறது சரிவராது. கணக்கு மாஸ்ரர் சேலை உடுத்துச் செய்யட்டும்.”

மாஸ்ரர் செய்து பார்த்தார். அவருடைய கீச்சுக் குரலுக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. மனேச்சர் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்.

“ரீச்சர் திரைக்குப் பின்னாலை இருந்து கதைக்கட்டும், மாஸ்ரர் வாயை அசைக்கட்டும். றேடியோ நாடகந்தானே, குரல் மட்டும் போதும்.”

அறைக்கு வந்ததும் தையல் ரீச்சர் கதவைச் சாத்தினார். பிறகு, “நான் மாட்டனெண்டால் நாடகமே வேண்டாமெண்டுவினம், பிள்ளை. நாடகத்திலை பாட்டுப் பாடப் பழகின பிள்ளையள் பாவங்கள்” என்றார்.

நாடகத்தன்று மழை விட்டிருந்தது. மண்டபம் நிறைந்து, கூட்டம் வாசல்வரை நின்றது. முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. கைதட்டல் கேட்கக் கேட்க மாஸ்ரருக்குப் போதை ஏறிவிட்டது. ரீச்சரின் ஒவ்வொரு சொல்லுக்கும் இடுப்பை நெளித்தார், சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கினார். திரையின் கிழிசலால் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மரியாளின் இடம் வந்தது. “எங்களுக்கெண்டு ஓரிடமும் இல்லையோ?” என்று ரீச்சர் கேட்டபோது அவருடைய கண்ணிலிருந்து உண்மையாகவே நீர் வழிந்தது. முன்னால் மாஸ்ரர் முந்தானையில் மூக்கைச் சிந்தி, அதைப் பிழிந்து காட்டினார். மண்டபம் அதிர்ந்தது.

ரீச்சர் நிறுத்திவிட்டார்.

மாஸ்ரரின் வாய் மட்டும் திறந்து மூடியது. அதற்கும் சிரித்தார்கள். அவர் திரைப்பக்கம் சாய்ந்து, “ரீச்சர், கதையுங்கோ!” என்று கெஞ்சினார்.

“நீங்கள் கதையுங்கோ மாஸ்ரர். வாய் உங்களிட்டைத்தானே இருக்கு.”

மண்டபம் முழுவதும் கேட்கத்தான் சொன்னார். சொல்லிவிட்டுத் திரையை விலக்கி மேடைக்குப் போனார். மாஸ்ரரை ஒரு பக்கம் தள்ளிவிட்டு மேடையிலிருந்த பொய் ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று, அதே வசனத்தை முதலிலிருந்து பேசினார். சனம் எழுந்து நின்று கைதட்டியது. கோபத்தில் ஒரு பெண் வெளியே வந்து நிற்கிறாள் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. நாடகத்தின் மிகப் பெரிய பகிடி அதுதான் என்று நினைத்தார்கள். மீதி நாடகத்தை அவரே பேசி முடித்தார்.

முடிவில் மனேச்சர் மேடையேறி, “குரலே ஆளாய் வந்து நிண்டது நல்ல யோசினை” என்று கணக்கு மாஸ்ரருக்கு மாலை போட்டார். மாஸ்ரர் மறுக்காமல் கழுத்தை நீட்டினார். விடுமுறை முடிவதற்குள் தையல் ரீச்சரைக் காட்டுக்குள் புதிதாகத் திறந்த குடியேற்றப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள். அங்கே தையல் மெஷின்கூட இல்லை.

பஸ் ஏற்றிவிடப் போனேன். “மாத்தினதைப் பற்றிக் கவலையில்லை” என்றார். “நான் கோவிச்சுக்கொண்டு போய் நிண்டனான், பிள்ளை. அவையள் சிரிச்சவை. அதைத்தான் தாங்கேலாமல் கிடக்கு.” அதற்குப் பிறகு அவர் நாடகம் எழுதவேயில்லை.

அண்மையில் அந்தப் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர்கள் கூடினார்கள். நரைத்த தலையோடு ஒருவர் எழுந்து, கணக்கு மாஸ்ரரின் நத்தார் நாடகத்தைப்போல ஒன்று இனி வராது என்று நடித்தே காட்டினார். முந்தானை பிழிவதையும் விடவில்லை. எல்லாரும் சிரித்தார்கள். நான் எழுந்து, அதை எழுதியது யார், பேசியது யார், அதற்குப் பிறகு அவருக்கு என்ன செய்தார்கள் என்று சொன்னேன். “ரீச்சருக்கு இப்பவும் கோவம்போலை” என்றார் நடித்துக் காட்டியவர், என்னைப் பார்த்துப் புன்னகையோடு.

“ஓம், கோவந்தான்” என்றேன். அவர் முகத்தில் அந்தப் புன்னகை முழுவதும் போகும்வரை நான் உட்காரவில்லை.