பூவைக் கேட்டார்கள், பிள்ளைகளைக் கேட்கவில்லை

செல்லாண்டியம்மனைக் கும்பிடும் என் சொந்தங்களுக்கு, நாமக்கல் பக்கத்து கிராமத்திலிருந்து சுமதி எழுதுகிறேன்.

போன வருடம் ஆவணியில் என் தம்பியும் அவன் மனைவியும் ராசிபுரம் சாலையில் விபத்தில் இறந்துபோனார்கள். ஒரே வண்டியில் போனவர்கள் ஒரே ஆம்புலன்ஸில் திரும்பி வந்தார்கள். அவர்களுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். பெரியவள் தாரணிக்குப் பன்னிரண்டு வயது, சின்னவள் கீர்த்தனாவுக்கு எட்டு. காரியம் முடிகிற வரை இரண்டு பேரும் என் முந்தானையை விடவில்லை. நான் அவர்களுடைய அத்தை. கல்யாணம் நிலைக்காமல் பிறந்த ஊருக்கே வந்து, தம்பி வீட்டுக்குப் பக்கத்திலேயே தனியாகச் சமைத்துக்கொண்டு, கோழிப்பண்ணையில் வேலை பார்ப்பவள்.

காரியம் முடிந்த மறுநாளே பேச்சு ஆரம்பித்தது. என் அண்ணன் சின்னவளைக் கூட்டிப் போவார். திருச்செங்கோட்டில் இருக்கும் தாய்மாமன் பெரியவளைக் கூட்டிப் போவார். இரண்டு பேரும் கெட்டவர்கள் இல்லை, பிள்ளைகள் மேல் உயிரானவர்கள்தான். ஆனால் இரண்டு பிள்ளைகளையும் ஒரே வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது என்றார்கள்.

"ரெண்டு பேரும் எங்கிட்டயே இருக்கட்டும். நான் வளத்தறனுங்கண்ணா" என்றேன்.

அண்ணன் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "கட்டுனவனத் தீத்துட்டு வந்து உக்காந்திருக்கறவ நீ. பொம்பளப் புள்ளைங்கள உங்கிட்ட உட்டா நாளைக்கு எவன் பொண்ணு கேட்டு வருவான்?"

அதோடு என் பேச்சு முடிந்தது. பண்ணையில் முட்டை எடுக்கும்போதெல்லாம் அழுதேன். அம்மனிடம் நான் கெஞ்சவில்லை, சண்டைதான் போட்டேன். "நீயும் பொம்பளதானே? நீயும் தனியாத்தானே நிக்கற? உன்னைய யாரும் இப்படிச் சொல்லலையே? இந்தப் பிள்ளைங்களப் பிரிக்காத. என் வாய் சபையில எடுபடாது. எடுபடற ஒரு வாய அனுப்பு" என்று கேட்டேன்.

எங்கள் பக்கம் பெரிய முடிவென்றால் அம்மனிடம் பூக் கேட்பார்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி அம்மன் காலடியில் வைத்து, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் மறுப்பு. பிள்ளைகளைப் பிரிக்கலாமா என்று கேட்பதற்கு ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் கூடினோம். பொட்டலம் எடுக்க கீர்த்தனாவையே கூப்பிட்டார்கள்.

"போ சாமி, ஒண்ண எடு" என்றார் பூசாரி.

அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "எடுக்க மாட்டேனுங்க."

"ஏஞ்சாமி?"

"பூவக் கேக்கறீங்க. எங்கள ஒருத்தரும் கேக்கவே இல்லீங்க."

மாமன், "சாமி முன்னாடி இதென்ன பேச்சு, எடு கண்ணு" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தார். அவள் உதறினாள். எனக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் நின்றேன்.

"அவ கையை உடுங்க. மொதல்ல கேளுங்க!"

பூசாரி பூத்தட்டை ஓரமாக நகர்த்தினார். "அம்மன் முன்னால நின்னு பச்சப் புள்ள பேசுது. இதுக்கு மேல நான் எந்த வாக்கக் கேக்கறது? சொல்லுங்க சாமி" என்று பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

தாரணி முன்னால் வந்தாள். தலையைக் குனியவில்லை. "நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் இருப்போம். அத்தைகிட்ட இருக்கறோம். எங்க பள்ளிக்கூடத்த மாத்தக் கூடாது. லீவுக்கு மாமா ஊட்டுக்கும் வாரோம், பெரியப்பா ஊட்டுக்கும் வாரோம்." பிறகு என்னைப் பார்த்தாள். "ஆனா அத்தையை அம்மான்னு கூப்பிட மாட்டோம். எங்க அம்மா சேலைய யாருக்கும் குடுக்கக் கூடாது. எங்களப் பாத்து யாரும் பாவம்னு சொல்லக் கூடாது."

அம்மா என்று கூப்பிட மாட்டோம் என்றது எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனால் எனக்குப் பிடித்ததை மட்டும் கேட்டுக்கொண்டு மீதியைத் தள்ளினால் எனக்கும் மற்றவர்களுக்கும் என்ன வித்தியாசம்? "சரி கண்ணு" என்றேன்.

அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்தார். "புள்ளைங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். மாமன், "லீவுக்குக் கட்டாயம் அனுப்போணும்" என்றார்.

நான் ஒரு பெரிய மனிதரின் வாயை எதிர்பார்த்திருந்தேன். அம்மன் எட்டு வயது வாயை அனுப்பினாள். பின்னால் பிள்ளைகளை என் பொறுப்பில் முறைப்படி பதிவு செய்யக் குழந்தைகள் நல அலுவலகத்துக்குப் போனபோது, அங்கிருந்த அதிகாரி அம்மாவும் என்னை வெளியே உட்கார வைத்துவிட்டு அவர்களிடம்தான் முதலில் பேசினார். சந்தோஷமாக வெளியே உட்கார்ந்திருந்தேன்.

இன்றைக்கும் ஜாடை பேசுகிறவர்கள் பேசுகிறார்கள். பேசட்டும். இந்தக் கோடையில் கீர்த்தனா லீவு முழுக்க மாமன் வீட்டில் இருக்க வேண்டும் என்றாள். வீடு வெறிச்சென்று ஆனது. இருந்தும் அனுப்பினேன். கேட்பது என்றால் இதையும் சேர்த்துத்தான்.

உங்கள் வீட்டிலும் சித்தியிடமோ மாமனிடமோ வளர்கிற பிள்ளை இருக்கலாம். அம்மனிடம் போங்கள். அழுங்கள், சண்டை போடுங்கள், அவள் தாங்குவாள். ஆனால் அந்தப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். அது பேசும்போது குறுக்கே பேசாதீர்கள். யாராவது வாயை மூடு என்றால், அவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், பிள்ளையின் பக்கத்தில் போய் நில்லுங்கள். நான் நின்றேன். அம்மன் என்னைக் கைவிடவில்லை. இன்னும் அங்கேதான் நிற்கிறேன்.