கழுவி வைத்த ஷெட்

அம்மாவுக்கு முதுகு வலி வந்தபோது, இனித் தரையில் படுக்கவே கூடாது, கட்டில்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெரியம்மா வீட்டில் சும்மா கிடந்த ஒரு மரக்கட்டிலை எடுத்து வந்தோம். ஆனால் போட இடமில்லை.

கீழக்குயில்குடியில் எங்கள் வீடு ஒரு கூடமும் ஓர் அறையும்தான். நான் பத்தாவது போனபோது, படிக்கிற பிள்ளைக்குத் தனி இடம் வேண்டும் என்று அறையை எனக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். அதற்கு முன் எங்கள் வீட்டில் யாரும் பள்ளிக்கூடம் முடித்ததில்லை. அறையில் இருந்த மண்வெட்டிகள், உர மூட்டைகள், மருந்தடிக்கும் டப்பா, ஓடாத மோட்டார் எல்லாம் கூடத்துக்கு வந்தன. அவற்றுக்கு நடுவில் பாய் விரித்துத்தான் அம்மாவும் அப்பாவும் படுத்தார்கள். நான் கல்லூரி முடித்து மதுரையில் வேலைக்குப் போன பிறகும் அப்படித்தான்.

“அறையில கட்டிலப் போட்டுக்கம்மா” என்றேன்.

“நீ இன்னும் கவர்மெண்டு பரீட்ச எழுதணும்ல. ராவெல்லாம் நான் பொரண்டுக்கிட்டுக் கெடந்தா நீ என்னத்தப் படிப்ப?”

பேச்சு அங்கேயே முடிந்தது. கட்டில் வெளிச்சுவரில் சாய்ந்து நின்றது. ஐப்பசி மழை இறங்கினால் அதுவும் வீணாகிவிடும்.

நான் கணக்குப் பார்ப்பது நகரத்துக்குள் ஒரு பெயிண்ட் கடையில். முதலாளியை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். கட்டில் கதையை ஒருநாள் சொல்லியிருந்தேன். அடுத்த வாரம் அவரே கூப்பிட்டார்.

“தம்பி, எங்க மொட்டமாடியில தோட்டச் சாமான் வைக்கிற தகர ஷெட்டு ஒண்ணு நிக்கிது. அந்த எடத்துல ரூம் கட்டப் போறோம். பிரிச்சுக்கிட்டுப் போறீங்களா? சும்மா குடுத்தா வாங்க மாட்டீங்க. பழைய இரும்புக்காரன் தர்றதக் குடுங்க, போதும்.”

ஞாயிற்றுக்கிழமை மாமா மகனோடு போனேன். குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறவன். ரோஜாத் தொட்டிகளுக்கு நடுவே ஷெட் திருவிழாக் கடை மாதிரி நின்றது. கடையில் மிஞ்சிய பெயிண்டையெல்லாம் பாய் அதில் அடித்திருந்தார். ஒரு தகடு பச்சை, ஒன்று காவி, ஒன்று வெங்காய நிறம். எதுவும் ஒரே அளவில் இல்லை. கிடைத்த தகடுகளை வெட்டி அந்த இடத்துக்கென்றே செய்தது. அதனால் கழற்றக் கழற்ற ஒவ்வொன்றின் உட்பக்கமும் சாக்பீஸால் குறித்துக்கொண்டே வந்தேன். கிழக்கு ஒன்று, கிழக்கு இரண்டு என்று.

“மாப்ள, ஒரு போட்டோ எடுத்துருவமா?” என்றான்.

“அதான் எழுதியிருக்கேன்லடா.”

மறுநாள் கடையிலிருந்து திரும்பியபோது தகடுகள் வேலி ஓரம் வரிசையாகப் பளபளத்தன. குனிய முடியாததால் அம்மா ஒவ்வொன்றையும் நிற்க வைத்து, சோப்புத்தூளும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்திருந்தாள். பழைய பொருள் எதுவானாலும் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்த பிறகே எங்கள் வீட்டில் சேர்ப்பாள். பெரியம்மா கட்டிலுக்கும் அதுதான் நடந்தது. அது எனக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

“படிச்ச புள்ள எழுதுன பரீட்சைய ஒரே நாள்ல அழிச்சுப்புட்டா ஒங்கம்மா” என்று அப்பா சிரித்தார்.

“நான் என்னத்தக் கண்டேன்? அந்த வீட்டுப் புள்ளைக கிறுக்கி வச்சிருக்குன்னு நெனச்சேன்” என்றாள் அம்மா. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சேராதாடா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

சேரவில்லை. அடுத்த ஞாயிறு நானும் அப்பாவும் மாமா மகனும் இரும்புச் சட்டத்தை நிறுத்திவிட்டு, தகடு தகடாக வைத்துப் பார்த்தோம். ஒன்றின் ஓட்டை மற்றதோடு பொருந்தவில்லை. சமணர் மலைக்கு மேலே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. வெட்கத்தை விட்டு பாய்க்குப் போன் செய்தேன்.

“எனக்கும் ஞாபகம் இல்லையே தம்பி” என்றவர், சற்று நேரத்தில் ஒரு படம் அனுப்பினார். ரம்ஜான் அன்று குடும்பமே ஷெட்டுக்கு முன்னால் நின்று எடுத்தது. தலைகளுக்கு நடுவே பச்சையும் காவியும் தெரிந்தன. மூவரும் போனில் குனிந்தோம்.

“இந்த வெள்ளச் சட்டக்காரரு கொஞ்சம் நகந்து நின்னா என்னவாம்?” என்றார் அப்பா.

“பிரியாணி சாப்ட்டு நிக்கிறாரு மாமா. எங்கிட்டு நகர்றது?”

இதை அப்படியே பாயிடம் சொன்னேன். வெடித்துச் சிரித்தார். “அது எங்க மச்சான்! இருங்க, அவரு இல்லாத போட்டோவாத் தேடுறோம்.” பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் கேட்டது: “பாப்பா கேக்கு வெட்டுன போட்டோவ அனுப்புங்க, அதுல கதவுப் பக்கம் தெரியும்.”

அதன் பிறகு போன் நிற்கவே இல்லை. பிறந்தநாள், மருதாணி வைத்த கைகள், வெளிநாட்டுக்குக் கிளம்பும் தம்பி, முதல் ரோஜா பூத்த தொட்டி. ஒவ்வொன்றின் ஓரத்திலும் எங்கள் ஷெட்டில் ஒரு துண்டு இருந்தது. அம்மா தகடுகளை விட்டுவிட்டு அந்த மனிதர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இந்தப் புள்ள முந்தின படத்துல தவழ்ந்துச்சே” என்றாள். அவர்கள் சந்தோஷமாக இருந்த நாட்களை வைத்துத்தான் நாங்கள் போல்ட்டு முடுக்கினோம். பொழுது சாய்வதற்குள் கதவும் மாட்டியாயிற்று. அம்மா நிலையில் மஞ்சளும் குங்குமமும் வைத்தாள்.

மூட்டைகளும் மோட்டாரும் ஷெட்டுக்குப் போயின. கூடம் இவ்வளவு பெரிது என்று அன்றுதான் தெரிந்தது. உள்ளே கொண்டுவந்து போட்ட கட்டிலில் அம்மா ஓரமாக உட்கார்ந்தாள், யாருடையதோ போல. பிறகு காலை நீட்டிப் படுத்தாள். முதல் தூறல் தகரத்தில் படபடத்தது.

“அவுகளுக்கும் நம்ம போட்டோ ஒண்ணு அனுப்புடா” என்றாள், எழுந்திருக்காமலே. “பின்கதவத் தொறந்து வையி, ஷெட்டும் தெரியட்டும்.”

நான் போனை உயர்த்தினேன். அப்பா தலையைக் கோதிக்கொண்டு கட்டிலருகே வந்து நின்றார்.

“ஏங்க, அங்கிட்டுத் தள்ளி நில்லுங்க” என்றாள் அம்மா. “பச்சத் தகட்ட மறைக்கிறீக.”