முப்பத்தாறா, நாற்பத்தெட்டா?

இன்று காலை ஸ்கூலில் என் மகள் எனக்கு பி.பி.யை ஏற்றிவிட்டு, அவளே இறக்கியும் விட்டாள்!

கம்பெனியில் என்னை ஒரகடம் பிளாண்டுக்கு மாற்றிவிட்டார்கள். இருங்காட்டுக்கோட்டையில் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்து சேரப்பணஞ்சேரிக்கு வந்தோம். மகள் யாழினிக்கு இங்கே ஐந்தாம் வகுப்பில் அட்மிஷன் வேண்டும்.

அதற்கு ஒரு டெஸ்ட்டாம். நன்றாக எழுதினால் ஐந்தாம் வகுப்பு. இல்லையென்றால் மறுபடியும் நாலாம் வகுப்பு!

இதைக் கேட்டதிலிருந்து பிள்ளை சரியாகச் சாப்பிடவே இல்லை.

"நான் சின்னப் பிள்ளைங்க கூடல்லாம் உக்கார மாட்டேன்ப்பா" என்று ஒரே அழுகை.

கணக்கில் ஒரு பாடம்தான் அவளுக்குப் புதுசு. நீளத்தில் இத்தனை, அகலத்தில் இத்தனை, உயரத்தில் இத்தனை என்று சின்னச் சின்னக் கனசதுரங்களை அடுக்கினால் ஒரு பெரிய கனசெவ்வகம் வரும். அதில் மொத்தம் எத்தனை இருக்கிறதோ, அதுதான் கனஅளவு.

அடுக்குவதா? நான் டிஸ்பாட்சில் பெட்டி அடுக்குகிறவன் ஐயா! (நம்ம டிபார்ட்மென்ட்!)

"இதுக்கா தாயி பயப்படுற? அப்பா சொல்லித் தாரேன்" என்று போனில் இருந்த எங்கள் பேலட் (பெட்டிகளை அடுக்கி வைக்கும் மரத்தட்டு) போட்டோக்களைக் காட்டினேன். "ஒரு அடுக்குல எத்தனை பெட்டின்னு எண்ணு. எத்தனை அடுக்குன்னு பாரு. ரெண்டையும் பெருக்கு. சோலி முடிஞ்சது!"

சோலி உண்மையிலேயே முடிந்தது.

இன்று ரிசல்ட். கணக்கு டீச்சர் பேப்பரை எங்கள் முன்னால் வைத்தார்.

"சார், மத்த கணக்கெல்லாம் நல்லா போட்டிருக்கா. கனஅளவுதான் தப்பு தப்பா வருது. நாலாவதுலயே போட்டுடலாமா?"

பக்கத்தில் என் மனைவி செல்வி என்னை ஒரு முறை முறைத்தாள். (அப்பா சொல்லித் தாரேன்னு சொன்னது யாரு?) யாழினிக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

ஆனால் டீச்சர் பேப்பரை மூடவில்லை. (நீங்கள் நல்லா இருக்கணும் மேம்!)

"ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. நீளம் அஞ்சு, அகலம் ரெண்டு, உயரம் ரெண்டு. இதுக்கு இருபதுன்னு கரெக்டா எழுதியிருக்கா. நீளம் நாலு, அகலம் நாலு, உயரம் மூணு. இதுக்கு நாப்பத்தெட்டு வரணும். முப்பத்தாறுன்னு எழுதியிருக்கா. மீதி பன்னெண்டு எங்க போச்சு?"

அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேசையில் கொட்டினார். எல்லாம் ஒரே அளவில் சின்னச் சின்ன மரக் கட்டைகள்.

"யாழினி, நாலுக்கு நாலு, மூணு அடுக்கு. கட்டிக் காட்டு பாக்கலாம்."

பிள்ளை மூக்கை உறிஞ்சிக்கொண்டே அடுக்க ஆரம்பித்தாள். சுற்றிலும் பன்னிரண்டு கட்டை. நடுவில் நாலு கட்டை வைக்கிற இடம் காலி! அதன் மேல் இரண்டாவது அடுக்கு, அதுவும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. மேலிருந்து பார்த்தால் கிணறு மாதிரி ஓட்டை.

ஐயையோ, இது எங்கள் பேலட்!

"நடுவுல ஏம்மா வைக்கல?"

"நடுவுல காத்து போகணும்ல மேம்? இல்லாட்டி சூடு எறங்காதே!"

டீச்சர் என்னைப் பார்த்தார். செல்வி என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

வேறு வழியில்லாமல் விளக்கினேன். எங்கள் கம்பெனியில் செய்வது ரப்பர் பார்ட்ஸ். சூடு முழுசாக ஆறுவதற்குள் பெட்டியில் போட்டுவிடுவோம். அதனால் பேலட்டில் நடு இடத்தைக் காலியாக விட்டுத்தான் அடுக்குவோம். போட்டோவைப் பார்த்து "நடுவுல ஏன்ப்பா ஓட்டை?" என்று இவள் கேட்டபோது, பெருமையாகக் காரணமும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்! இரண்டே வரிசை அகலம் என்றால் நடு என்று ஒன்று கிடையாதே. அந்தக் கணக்கு மட்டும் அதனால் தப்பித்தது.

டீச்சர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

"யாழினி, இது மரக் கட்டைம்மா. சூடே கிடையாது. நடுவுலயும் அடைக்கலாம்."

"அப்படியா மேம்? மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல!"

மளமளவென்று ஓட்டையை அடைத்தாள். "நாலு நாலு பதினாறு. மூணு அடுக்கு. நாப்பத்தெட்டு!"

"அஞ்சுக்கு நாலு, மூணு அடுக்கு?"

"அறுவது!" கட்டையைத் தொடக்கூட இல்லை.

"சார், பொண்ணுக்குக் கணக்கு நல்லாவே வருது. அஞ்சாவதுலயே உக்காரட்டும். ஆனா வீட்டுல நீங்க மட்டும் சொல்லிக் குடுக்காதீங்க!"

அப்பாடா! அந்த நிமிஷம்தான் மூச்சே வந்தது. சத்தியமாக டீச்சர் காலில் விழலாம் போல இருந்தது. வரும் வழியில் ஹோட்டலில் யாழினி இரண்டு செட் பூரி சாப்பிட்டாள். அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும்தான். (பூரி மசாலா காரம் என்று சமாளித்தேன்.)

இதோடு பதிவு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை!

மதியம் ஷிஃப்டுக்கு வந்தேன். வடக்குப்பட்டுக்காரரான எங்கள் சூப்பர்வைசர் கேட்டார்.

"அண்ணே, இந்த பேலட்ல எவ்ளோ பெட்டி கீது?"

சந்தோஷத்தில் சட்டென்று சொன்னேன். "நாலு நாலு பதினாறு, மூணு அடுக்கு, நாப்பத்தெட்டு தம்பி!"

"இன்னாண்ணே, நடுவுல யாரு வச்சா? முப்பத்தாறுதான கீது!"

லைனே சிரித்தது. டீ பிரேக்கில் வீட்டுக்குப் போன் போட்டு யாழினியிடம் சொன்னேன்.

கொஞ்சம்கூட யோசிக்கவில்லை அவள்.

"அப்ப நீ போயி நாலாங்கிளாஸ்ல உக்காருப்பா!"