முகூர்த்தத்துக்குத் தாமதமாக வந்த மச்சான்

என் தங்கை ஜெயமணியின் மகன் சென்னகிருஷ்ணனைப் பொறுப்பில்லாதவன் என்று உத்தனப்பள்ளியில் இன்னும் பேசுகிறார்கள். தன் தங்கை கல்யாணத்துக்கு வந்தவன் முகூர்த்த நேரத்தில் ஊர் சுற்றப் போய்விட்டானாம். தாய்மாமன் நான் உட்கார்ந்திருக்கும்போதே பேசுகிறார்கள். நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

ஓசூரில் மோட்டார் சைக்கிள் செய்யும் கம்பெனி ஒன்றில் அவன் காண்ட்ராக்டில் வேலை பார்த்தான். நாள் முழுக்க யார் யாரோ ஓட்டப்போகும் வண்டிகளுக்குச் சக்கரம் மாட்டியவன், ஓவர்டைம் பார்த்துத் தனக்கென்று கறுப்பு வண்டி ஒன்று வாங்கினான். ஞாயிற்றுக்கிழமை ஆளைப் பிடிக்க முடியாது. பேரிகையில் எங்கள் சின்னம்மா வீட்டுக்கு ஒரு வாரம், அஞ்செட்டிக் காட்டுப் பக்கம் ஒரு வாரம். எதற்குப் போனாய் என்றால் சும்மா போனேன் மாமா என்பான்.

அவன் அப்பா இறந்தபிறகு காண்ட்ராக்டும் முடிந்தது. துபாய்க்குப் போனான். அங்கேயும் வண்டிதான். பின்னால் பெட்டி, பெட்டிக்குள் யாருக்கோ பிரியாணி. போன் திரும்பு என்றால் திரும்ப வேண்டும். நிழலில் நின்று தண்ணீர் குடித்தால் ஏன் நின்றாய் என்று கேட்கும். நாள் முழுக்க வண்டி ஓட்டச் சம்பளமும் கொடுக்கிறார்கள், இவனுக்கென்ன குறை என்று ஊரில் சிரித்தார்கள். என்ன குறை என்று என்னிடம்தான் சொன்னான்.

"இங்க நான் வண்டி ஓட்டல மாமா. என்னெ யாரோ ஓட்டிக்கினு இருக்கறாங்க. ராயக்கோட்டை ரோட்டுல என் வண்டில ஒருதரம் போனா போதும்."

அந்த வண்டியை வீட்டுப் பக்கத்துக் கொட்டாயில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தோம். அவன் தங்கை ஸ்வாதி வாரத்துக்கு ஒருமுறை உதைத்து ஓடவிடுவாள்.

ஸ்வாதிக்குப் போச்சம்பள்ளிக் கம்பெனியில் வேலை பார்க்கும் ஸ்ரீராமைப் பேசி முடித்தோம். அந்தப் பையன் எதுவும் கேட்கவில்லை. கேட்டது அவன் பெரியப்பா கங்கப்பன். வண்டி வீணாய்க் கிடக்கிறதே, மாப்பிள்ளைக்குக் கொடுத்தால் என்ன என்றார். ஜெயமணி தலையாட்டிவிட்டாள். என்னைக் கேட்கவில்லை. வண்டிக்குச் சொந்தக்காரனையும் கேட்கவில்லை. ஆனால் எங்கள் வழக்கப்படி தாம்பாளத்தில் வெற்றிலை மேல் சாவியை வைத்துப் பெண்ணின் அண்ணன்தான் கொடுக்க வேண்டும். அதற்கு மட்டும் அவன் வேண்டியிருந்தான்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் வந்தவன், வீட்டுக்குள்கூடப் போகாமல் நேரே கொட்டாய்க்குப் போனான். வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து ரிப்பன் கட்டியிருந்தது. அப்போதுதான் ஜெயமணி விஷயத்தைச் சொன்னாள்.

"உனக்குத்தான் அங்க ஒரு வண்டி இருக்குதேப்பா."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "பத்து ஊட்டுல சமைக்கறவளுக்கு அவ ஊட்டு அடுப்பு எதுக்குன்னு கேப்பியா நீ?" என்றேன்.  ஆனால் வாக்குக் கொடுத்தாயிற்று. சென்னகிருஷ்ணன் ரிப்பனைத் தொட்டுப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் போனான்.

விடிந்தபோது வண்டியும் இல்லை, அவனும் இல்லை.

மண்டபத்தில் கூட்டம் நிரம்பிவிட்டது. பெண் கையில் பொரி போட உடன்பிறந்தவன் வேண்டும். போன் போட்டார்கள், எடுக்கவில்லை. கங்கப்பன் என்னிடம் வந்தார்.

"வண்டிய தூக்கிக்கினு ஓடிட்டாரா உங்க மருமவன்?"

"அவன் வண்டிய அவன் எதுக்குங்க தூக்கிக்கினு ஓடணும்?"

பங்காளி வீட்டுப் பையன் யாரையாவது வைத்துப் பொரி போட்டுவிடலாம் என்று சிலர் கிளம்பினார்கள். மணவறையில் இருந்த ஸ்வாதி, எங்கண்ணன் வராமல் யாரிடமும் கை நீட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ஐயர் மந்திரத்தை இழுத்து இழுத்துச் சொன்னார்.

நல்ல நேரம் முடிகிற தறுவாயில் வந்தான். வேட்டியெல்லாம் புழுதி. முகத்தில் மட்டும் அத்தனை தெளிவு. ராயக்கோட்டை வரைக்கும் போய் வந்தானாம். கை கழுவிக்கொண்டு தங்கை கையில் பொரி போட்டான். சடங்கு முடிந்ததும் சாவியைத் தாம்பாளத்தில் வைத்து நீட்டினான்.

"செகண்டு கியர் கொஞ்சம் இறுக்கம். மெதுவா போடுங்க மாப்பிள்ளை."

ஸ்ரீராமுக்கு முகம் சுருங்கிவிட்டது. "இது உங்க வண்டிங்களா மச்சான்?" என்று கேட்டான். அவனிடமும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. மேலே பேசுவதற்குள் கங்கப்பன் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

சென்னகிருஷ்ணன் துபாய்க்குத் திரும்பிவிட்டான். வண்டி கங்கப்பன் வீட்டிலேயே நிற்கிறது. இரண்டு பக்கமும் தக்காளிக் கூடை கட்டி மண்டிக்குப் போகிறார். நேற்றுகூட என்னைப் பார்த்து ஹாரன் அடித்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.