P0S என்றால் என்ன?

நேற்று மாலை என் மகள் வித்யா கம்ப்யூட்டரில் தோழியோடு சாட் செய்துகொண்டிருந்தாள். நான் போய்ப் பின்னால் நின்றேன். உடனே "P0S" என்று தட்டினாள். நடுவில் இருப்பது ஓ அல்ல, பூஜ்யம். அதன் பிறகு இருவரும் ஹோம்வொர்க் பற்றி மட்டுமே பேசினார்கள்.

அர்த்தம் கேட்டேன்.

"ஒண்ணும் இல்லப்பா, சும்மா."

இருபது வருடமாக அரசாங்கக் கோப்புகளில் சுருக்கங்களோடு குடித்தனம் நடத்துகிறவன் நான். ஆனால் இது காலையிலிருந்து மண்டையைக் குடைந்தது. டெல்லி கோல் மார்க்கெட்டில் ஏறிய ஆபீஸ் பஸ்ஸில் என் ஸ்டாப்பையே தவறவிட்டேன்.

மதியம், செக்‌ஷனில் புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் கேட்டேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பேரண்ட் ஓவர் ஷோல்டர், சார்" என்றாள். அதாவது, அப்பாவோ அம்மாவோ முதுகுக்குப் பின்னால் நிற்கிறார், ஜாக்கிரதை!

அதற்கப்புறம் டீ கூட இறங்கவில்லை. அப்படி என்னத்தை மறைக்கிறாள்?

வீட்டுக்கு வந்ததும் நேராகவே கேட்டேன். "நேத்து நான் நிக்கலேன்னா என்ன பேசியிருப்பே?"

வித்யா கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கோச்சிங் க்ளாஸ் பத்தி. ரெண்டு மாசமா ஃபிசிக்ஸ் ஒண்ணுமே புரியலப்பா. உங்ககிட்ட சொல்ல பயமா இருந்தது."

கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அச்சா, எங்கேர்ந்து புரியலை, காட்டு."

ஃபிசிக்ஸ் புத்தகத்தின் முதல் பக்கத்தைக் காட்டினாள். படித்தேன். எனக்கும் புரியவில்லை. அவள் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது.

இனிமேல் கம்ப்யூட்டர் பக்கம் வருமுன் நான் இருமிவிட்டு வர வேண்டுமாம். இருமலுக்கு மூன்றெழுத்தில் ஏதாவது இருந்தால், தெரிந்தவர்கள் எழுதுங்கள்.