தாளிக்கரண்டியில் ஒரு சொட்டு எஞ்சின் ஆயில்

கூடத்து மேஜைமேல் கார் சாவி விழுந்த சத்தம் சமையலறை வரை கேட்டது. கூடவே வைத்தீஸ்வரனின் கனத்த குரல்.

"எடுத்துக்கோ கோபு. நல்ல நாள், நல்ல நேரம். பேப்பரெல்லாம் சாயங்காலம் பாத்துக்கலாம்."

தமயந்தி அடுப்பைப் பெரிதாக்கினாள். இரும்புத் தாளிக்கரண்டி அதன்மேல் காய்ந்துகொண்டிருந்தது. அவள் கையில் ஒரு கண் மருந்துச் சீசா. அதற்குள் இருந்தது மருந்து இல்லை. கீழே தெருவாசலில் நிற்கும் வெள்ளை டீசல் காரின் எஞ்சினிலிருந்து சற்று முன் அவளே எடுத்த எண்ணெய்.

அவள் கணவன் கோபு வேலை பார்த்த ஹவுரா இரும்பு வார்ப்படத் தொழிற்சாலையைப் பூட்டி ஏழு மாதம் ஆகியிருந்தது. கடைசியாகக் கைக்கு வந்ததையெல்லாம் போட்டு ஒரு கார் வாங்கி, ஆபீஸ்களுக்கு மாத வாடகைக்கு ஓட்டுவது என்று அவன் தீர்மானித்திருந்தான். இரண்டாவது திட்டம் என்று ஒன்று அந்த வீட்டில் கிடையாது. இந்தக் கார் ஓடினால் குடும்பம் ஓடும். நின்றால் அவனும் உட்கார்ந்துவிடுவான், அப்புறம் எழுந்திருக்கமாட்டான். அது அவளுக்குத் தெரியும்.

கல்கத்தாவில் உத்தியோகம் பார்க்கும் தமிழ்க் குடும்பங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒருவருக்கு மாற்றல் உத்தரவு வந்தால் அவர் வீட்டுக் கட்டில், பீரோ, கார் எல்லாம் நம்மவர்களுக்குள்ளேயே கைமாறிவிடும். மெக்கானிக்கைக் கூட்டி வந்து காட்டுவது வழக்கமில்லை. காட்டினால் மனிதரையே சந்தேகப்பட்டதாக அர்த்தம். அதிலும் இப்போது மாற்றலாகிப் போகிற வைத்தீஸ்வரன் சாதாரண மனிதரா? பெரிய அதிகாரி. கரியாஹாட்டில் இந்த வாடகை வீட்டைப் பிடித்துக் கொடுத்தவர். மகள் மேக்னாவுக்குப் பள்ளியில் இடம் கிடைக்க நேரில் வந்து பேசியவர். அவரிடம் போய் வண்டியைச் சோதிக்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது?

சோதிப்பதுதான் தமயந்தியின் பிழைப்பு. கரக்பூரில் பிறந்து, ரசாயனம் படித்து, இருபத்திரண்டாவது வயதில் ரயில்வே டீசல் எஞ்சின் பட்டறையின் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்தவள். பதினெட்டு வருடமாக எஞ்சின் எண்ணெயைத் தொட்டும், முகர்ந்தும், காய்ச்சியும் பார்த்திருக்கிறாள். சேர்ந்த புதிதில் ஒரு ஃபிட்டர், "தீதி, இதுல லுச்சிப் பூரி பொரிச்சுக் குடுப்பீங்களா?" என்று அக்கா முறை வைத்து வங்காளத்தில் கேட்டுச் சிரித்தான். அடுத்த வருடம் ஒரு எஞ்சினின் எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறது, ஓட்டக்கூடாது என்று எழுதிக் கொடுத்தாள். மேலதிகாரி குதித்தார். அவள் எழுதியதை மாற்றவில்லை. பிரித்துப் பார்த்தபோது உள்ளே விரிசல். அன்றிலிருந்து, தமயந்தி தீதி பார்த்தாகிவிட்டதா என்று கேட்காமல் அங்கே ஒரு எஞ்சின் வெளியே போவதில்லை. வீட்டில் மட்டும் அந்த மரியாதை வந்து சேரவில்லை. "அம்மா எண்ணெய் ஆபீஸ்ல இருக்கா" என்பாள் மேக்னா.

நேற்று கோபு காரில் எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவிக் காட்டி, "பாரு, தேன் மாதிரி இருக்கு" என்று பூரித்துப்போனான். தமயந்திக்குச் சுருக்கென்றது. டீசல் எஞ்சினில் எண்ணெய் சீக்கிரமே கறுத்துவிடும். தேன் நிறத்தில் இருக்கிறதென்றால் புதிதாக ஊற்றியிருக்கிறார்கள். பழைய எண்ணெய் சொல்லியிருக்கக்கூடியது எல்லாம் அதோடு வடிந்து போயிற்று. உள்ளே ஏதாவது கசிந்தால் வண்டி ஓடிய பிறகுதான் புது எண்ணெயில் தெரியும். அதனால்தான் இன்று காலை, ஓட்டிப் பழகுங்கள் என்று சொல்லிக் கோபுவை ஹவுரா வரை அனுப்பினாள். வண்டி திரும்பியதும் நாலு சொட்டு எடுத்துக்கொண்டாள்.

ஒரு சொட்டைக் காய்ந்த கரண்டியில் விட்டாள்.

சுத்தமான எண்ணெய் சும்மா புகையும். இது சடசடவென்று வெடித்தது. இன்னொரு சொட்டு. அதுவும் வெடித்தது. தண்ணீர் கலந்திருந்தால்தான் எண்ணெய் இப்படி வெடிக்கும்.

"என்ன தமயந்தி, ரசத்துக்குத் தாளிக்கறியா?" என்றார் வைத்தீஸ்வரன் கூடத்திலிருந்து.

"ரசம் இல்லை மாமா. உங்க வண்டி."

கரண்டியோடு கூடத்துக்கு வந்தாள். கோபுவின் முகம் சுருங்கிவிட்டது. "உள்ள போ தமா. மாமா எதிர்ல இதெல்லாம் என்ன?"

"ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். மாமா, காலம்பற ரேடியேட்டர்ல எவ்வளவு தண்ணி விடுவேள்?"

"ஒரு பாட்டில். வெயில் நாள்ல ரெண்டு. பழைய வண்டின்னா குடிக்கத்தான் செய்யும்."

"வண்டிக்கு அடியில சொட்டி இருக்குமா?"

"சேச்சே. தரை பளிச்சுன்னு இருக்கும். நேத்து ஆயில்கூட மாத்தியாச்சு. ஒருத்தருக்குக் குடுக்கறச்சே சுத்தமாக் குடுக்கணும் இல்லையா?"

"தரையில சொட்டலை. அப்ப அந்தத் தண்ணி தினம் எங்க மாமா போறது?"

வைத்தீஸ்வரன் ஜன்னல் வழியாகக் கீழே காரை எட்டிப் பார்த்தார்.

"எஞ்சினுக்குள்ள போறது. ஆயிலோட கலக்கறது. இதை வச்சு ஓட்டினா ரெண்டு மாசத்துல பேரிங் போயிடும். அப்புறம் எஞ்சினே போயிடும். இவர் அதை நம்பித்தான் இறங்கறார்."

"பதினாறு வருஷப் பழக்கம்" என்றார் அவர். "உன் பொண்ணை மடியில வச்சுக் கொஞ்சினவன். நான் ஏமாத்துவேனா?"

தமயந்தியின் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"நீங்க ஏமாத்தலை மாமா. நீங்க இதை வாங்கறச்சே யாராவது பாத்தாளா?"

"நாக்பூருக்கு மாத்தலாகிப் போனானே, அவன்கிட்ட வாங்கினேன். பாக்கலை. நம்ம மனுஷனாச்சேன்னு..." என்று இழுத்தார்.

கோபு எழுந்தான். திட்டப் போகிறான் என்று தமயந்தி நினைத்தாள். அவன் சாவியை எடுத்து, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினான். "வேண்டாம் மாமா. தமா பாத்துச் சொன்னப்புறம் எனக்கு வேற யாரும் சொல்ல வேண்டாம்."

கல்யாணமாகிப் பதினைந்து வருடத்தில் அவன் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்க ஆபீஸ் குருமூர்த்தி இந்த வண்டியைக் கண்ணை மூடிண்டு வாங்கிக்கறேன்னான்" என்றார் வைத்தீஸ்வரன், யாரிடமோ பேசுவதுபோல.

"அவர்கிட்ட இதைச் சொல்லிட்டுக் குடுங்கோ. ஒரு மெக்கானிக் பிரிச்சுப் பாக்கட்டும். தண்ணி கசியாம அடைக்கற கேஸ்கட் மட்டும் போயிருந்தா சரிபண்ணிடலாம். எஞ்சின் பிளாக்லயே விரிசல்னா இரும்பு விலைதான்." சற்று நிறுத்தினாள். "நீங்க சொல்லலைன்னா நான் சொல்லிடுவேன் மாமா."

"சொல்லுவே. நீ சொல்லுவே" என்றார். கோபம் இல்லை. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "புதன்கிழமை கோரமண்டல் ரயில்ல கிளம்பறோம். ஸ்டேஷனுக்கு வருவேளோ இல்லையோ?"

"வராம? உங்களுக்குப் புளியோதரை கட்டிண்டு வரேன்" என்றாள் தமயந்தி.

"டாக்ஸியில வரோம்" என்றான் கோபு.

வைத்தீஸ்வரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலையை ஆட்டியபடியே மாடிப்படி இறங்கிப் போனார். காலடிச் சத்தம் கீழே தேயும்வரை நின்றிருந்த கோபு, கதவைச் சாத்தித் தாழ் போட்டான். "அடுத்த வண்டியை நீ பாத்துச் சொல்லு தமா, அப்புறம்தான் காசு குடுப்பேன்" என்றான்.